ஆய்வுப் படகின் அடைபட்ட காதுகள்

அனுப்புநர்:
படகு யார்டுக்கு எதிர்ச்சாரியில் மாடி வீட்டில் குடியிருப்பவர்,
சோனார் கருவி பொருத்துநராக இருந்து மறைந்தவரின் மனைவி.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
ஆய்வுப் பிரிவு,
துறைமுக அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: ஆய்வுப் படகின் அடியில் உள்ள சோனார் கருவிகளின் முகத்தில் பூசப்பட்ட பெயிண்டை நீக்கி, வெளிப்பள்ளத்தை மறுபடி தேடவும், அதுவரை அங்கே தூர்மண் கொட்டுவதை நிறுத்திவைக்கவும் வேண்டுதல்.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு அளித்த மனுவும், அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய இரண்டு வரிப் பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். என் முந்தைய மனுவுக்கு, “தேடுதல் முறைப்படி நடத்தி முடிக்கப்பட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை” என்று பதில் வந்தது. பதில் அனுப்பியமைக்கு நன்றி. ஆனால் தேடுதல் முறைப்படி நடந்ததா என்பதுதான் என் கேள்வி. கேள்வியையே விடையாக எழுதினால், நான் படித்த கன்னியர் பள்ளியில் தாளைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்வார்கள். இங்கே தாளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லாததால், மனுவை நானே மறுபடி எழுதுகிறேன்.

2. என் கணவர் படகுகளின் அடியில் சோனார் கருவி பொருத்தும் தொழில் செய்தவர். மீன்பிடிப் படகு, பயணிகள் படகு, தங்கள் துறையின் படகு என்று இந்தத் துறைமுகத்தில் மிதப்பவற்றில் பல அவர் கை பட்டவை. கருவியின் திரை மேலே ஓட்டுநர் அறையில் இருக்கும். அதை எல்லோரும் பார்ப்பார்கள். அந்தத் திரைக்குச் செய்தி கொடுக்கும் வில்லை கீழே, தண்ணீருக்குள், படகின் வயிற்றில் இருக்கும். ஒலியைக் கீழே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை வாங்குவது அதுதான். யார்டில் அதைக் ‘காது’ என்பார்கள். என் கணவரைக் ‘காதுக்காரர்’ என்பார்கள்.

3. ஒரு பெண்ணுக்கு, அதுவும் இந்த வயதில், படகின் அடிப்பாகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று தாங்கள் கேட்கக்கூடும். கருவியோடு வரும் விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு வரும். ஆகவே அவர் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்ய, நான் பக்கத்தில் கவிழ்த்த பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்வேன். நான் இலக்கணம் வழுவாமல் சொல்லிக்கொண்டிருந்தால், “உங்க சிஸ்டருங்க சொல்லிக்குடுத்த அழகெல்லாம் வீட்ல பாத்துக்கலாம், இப்ப ஓட்டை எங்க போடணும்னு மட்டும் சொல்லு” என்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் நேரத்தை நாங்கள் இப்படிச் செலவிட்டோம்.

ஆகவே விதிகள் எனக்கு மனப்பாடம். காது, படகைத் தள்ளும் விசிறிக்கு அருகே இருக்கக் கூடாது. நுரை ஓடும் வழியில் இருக்கக் கூடாது. படகின் வயிறு சாய்வாக இருந்தால், அந்தச் சாய்வுக்கு ஏற்ற கட்டை செதுக்கி வைத்து, காதை நேர்கீழே பார்க்கச் செய்ய வேண்டும். அதன் கம்பியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் முகத்தில் கனத்த பெயிண்ட் படக் கூடாது. பட்டால், காதில் பஞ்சு அடைத்தது போலத்தான்.

4. தங்கள் பிரிவின் புதிய ஆய்வுப் படகுக்கு மூன்று காதுகள். ஒன்று நேர்கீழே பார்ப்பது. மற்ற இரண்டும் இருபுறமும் சரிந்து பார்த்து, தரையில் கிடக்கும் பொருளைப் படமாகக் காட்டுபவை. மூன்றையும் பொருத்தியவர் என் கணவர். புத்தகம் படித்தவள் நான். குறை சொல்ல இடமில்லாத வேலை அது. கணவர் என்பதால் சொல்லவில்லை. அவர் அலுப்போடு செய்த வேலைகளும் எனக்குத் தெரியும், அவற்றை அவர் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். வேலை முடிந்ததும் மூன்று முகங்களையும் ஒட்டுத்தாளால் மூடி, “பெயிண்டு காஞ்சதும் பிரிச்சுடுங்க” என்று மேற்பார்வையாளரிடம் சொல்லி ஒப்படைத்தார். தொடக்க விழா முடிந்த அடுத்த வாரம், படகைத் தண்ணீரில் ஓட்டிக் கருவியைச் சோதித்துத் தருவதாக ஏற்பாடு.

விழாவுக்கு எங்களை அழைக்கவில்லை. அது குறித்துப் புகார் இல்லை. மாடியிலிருந்து பார்த்தோம். “கத்தரிக்கோல் மொண்ணை போலிருக்கே, மனுஷன் ரிப்பனைக் கையாலேயே பிய்க்கிறாரு பாரு” என்று அவர் சிரித்தார். வெட்டியவர் தாங்கள் என்று பிறகு அறிந்தேன். மன்னிக்கவும்; உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

5. அந்தச் சோதனை நடக்கவில்லை. அதற்கு முன்பே, ஒரு மீனவருக்குப் பழுது பார்த்துக் கொடுத்த காது ஒன்றைச் சோதிக்க, என் கணவர் தம் சிறிய மரப்படகில் தனியே கிளம்பினார். சோதிப்பதற்கு அவருக்கு ஓர் இடம் உண்டு. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியுள்ள வெளிப்பள்ளம். அதன் ஆழம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதால், திரை சொல்லும் ஆழமும் தம் மனத்தில் உள்ள ஆழமும் ஒன்றுதானா என்று அங்கே வைத்துத்தான் பார்ப்பார். வேறெங்கும் சோதித்ததில்லை. “மழை வரும் போலிருக்கே” என்றேன். “வந்தா நனைவேன், கரைஞ்சா போயிடுவேன்?” என்றார்.

நடுப்பகலில் காற்று மாறியது. மறுநாள் அலைத்தடுப்புச் சுவரின் கற்களுக்கிடையே அவருடைய துடுப்பும் சாப்பாட்டுத் தூக்கும் கிடைத்தன. தூக்கின் மூடி திறக்கப்படவில்லை.

6. தங்கள் ஆய்வுப் படகு தேடப் போயிற்று. அதற்கு அன்றும் நன்றி சொன்னேன், இன்றும் சொல்கிறேன். வெளிப்பள்ளத்தின் மேல் அது குறுக்கும் நெடுக்குமாக ஓடியதை மாடியில் நின்று பார்த்தேன். அவர் கையால் பொருத்திய காதுகள் என்பதால் எனக்கு நம்பிக்கை இருந்தது. அவருடைய படகு சிறிது என்றாலும் அதன் இன்ஜின் முழு இரும்பு. அந்தக் காதுகளுக்கு அது தப்பாது. ஆனால் தேடுதலை முடித்து, “தரையில் எதுவும் இல்லை” என்று அறிக்கை கொடுத்தார்கள். “கருவிகள் நன்னிலையில் இருந்தன” என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. சோதித்தே பார்க்காத கருவிக்கு நன்னிலைச் சான்று கொடுத்தவர் யார் என்று அதில் இல்லை.

7. சில வாரங்களுக்குப் பிறகு, விசிறியில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டதால் அந்தப் படகை யார்டில் ஏற்றினார்கள். மாடியிலிருந்து பார்த்தேன். அடிப்பாகம் முழுவதும் ஒரே சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று இடங்களில் கறுப்பு இருந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

8. அங்கிருந்த பெயிண்டரை விசாரித்தேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். பிறர் பேச்சைத் திருத்துவது என் பழக்கம்தான். ஆனால் சாட்சியத்தைத் திருத்துவது குற்றம்.

“ஆமாம்மா, நான்தான் அடிச்சேன். மூணு எடத்துல தாள் ஒட்டியிருந்துச்சு. எவனோ ஒட்டிட்டு மறந்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். தாளுக்கு மேலேயே அடிச்சா, தண்ணியில எறங்குனதும் உரிஞ்சு தொங்குமில்ல? யாருக்குக் கெட்ட பேரு? எனக்குத்தானே? அதான் சுத்தமா பிரிச்சு, தொடச்சு, மூணு கோட்டு குடுத்தேன். பெரியவங்க வர்றாங்க, ஒரு பொட்டுகூட வித்தியாசமா தெரியக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு.”

அவை என்னவென்று நான் விளக்கினேன். கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். “காதுக்காரர் வெச்ச காதா? அவரைத் தேடுன படகாச்சே இது!” என்றார். மெல்லிய உப்புத்தாள் ஒன்றைத் தாமாகவே எடுத்து வந்து கொடுத்தார். நான் தாளை நனைத்து, ஒரு நாணய அளவுக்குத் தேய்த்தேன். சிவப்புக்கு அடியில் கறுப்பு வந்தது. அந்த உப்புத்தாளை, அதில் ஒட்டியுள்ள தூளோடு, உறையிலிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பெயிண்டர் மீது நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை, எடுத்தால் வருந்துவேன். அரைகுறையாக வேலை செய்பவராக இருந்திருந்தால் தாளின் மேலேயே பூசிவிட்டுப் போயிருப்பார். தாள் உரிந்து காதும் திறந்திருக்கும். அவர் ஒழுங்காக வேலை செய்பவர். அதுதான் வினையாயிற்று.

9. அதற்குள் காவலாளி வந்து, “பாட்டி, இங்கல்லாம் வரக் கூடாது. எதாச்சும் மேல விழுந்துச்சுன்னா நாங்கல்ல பதில் சொல்லணும்” என்றார். நான் யாருக்கும் பாட்டி அல்ல என்பதைத் தெரிவித்துவிட்டு வெளியேறினேன். விசிறியைச் சரிசெய்து, பெயிண்டைச் சுரண்டாமலே படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள்.

10. ஆகவே படகுத்துறையில் காத்திருந்து, படகின் கேப்டனைப் பார்த்தேன். அவரும் மறைக்கவில்லை. “திரையில பனி கொட்டுன மாதிரி இருந்துச்சும்மா. ஆழம் காட்டும், போயிடும், மறுபடி காட்டும். புதுக் கருவி, நமக்குத்தான் பழகலைன்னு நெனச்சோம். ‘ஒண்ணும் தெரியலை’ன்னுதான் நான் சொன்னேன். ஆபீஸ்ல ‘ஒண்ணும் இல்லை’ன்னு எழுதிட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல?” என்றார்.

ஐயா, ‘தெரியவில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் நடுவில் என் கணவர் கிடக்கிறார்.

11. தங்கள் அலுவலக எழுத்தரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரியாதை தெரிந்தவர். நான் போகும்போதெல்லாம் நாற்காலி போட்டு, இறப்புப் பதிவுப் படிவத்தை நீட்டி, “ஒரே ஒரு கையெழுத்தும்மா. போட்டுட்டீங்கன்னா ஃபைலை மூடிடலாம். உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி” என்பார். என் நிம்மதியில் அவருக்குள்ள அக்கறைக்கு நன்றி. உண்மையைச் சொன்னால், சில வாரங்களில் நான் வாய் திறந்து பேசும் ஒரே மனிதர் அவர்தான். வீட்டில் தொலைபேசி ஒலித்தால், இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்ட பிறகுதான் குரல் வருகிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சென்ற முறை வராந்தாவில் ஒருவர், “கெழவிக்கு வீட்ல பொழுது போகலை, நம்ம உசுர வாங்குது” என்று சொன்னது என் காதில் விழுந்தது. என் காதில் யாரும் இன்னும் பெயிண்ட் பூசவில்லை. எனக்குப் பொழுது போகவில்லை என்பது உண்மை. அதற்காக வரவில்லை என்பதும் உண்மை.

12. என் கணவரின் தம்பியும் கையெழுத்துப் போட்டுவிடச் சொல்கிறார். “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் போயிட்டாரு. பெயிண்டைச் சுரண்டுனா வந்துடுவாரா? எங்ககூட வந்து இருங்க. அங்க தனியா உக்காந்துக்கிட்டு யாருக்குக் காவல்?” என்று தொலைபேசியில் கேட்டார். “போயிட்டாருன்னு எனக்கும் தெரியும் தம்பி. எங்கேன்னுதான் கேக்குறேன்” என்றேன். அன்பானவர். அவர் வீட்டில் எனக்காக ஓர் அறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்கவில்லை.

13. ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். கணவர் உயிரோடு திரும்புவார் என்று காத்திருக்கும் பேதையைப் போல என்னிடம் எல்லோரும் மெல்லப் பேசுகிறார்கள். நான் அப்படிக் காத்திருக்கவில்லை. நான் கைம்பெண் என்பது, காலையில் ஒருவருக்கு மட்டும் தண்ணீர் அளந்து அடுப்பில் வைக்கும்போது எனக்கு நன்றாகவே தெரிகிறது. அலுவலகம் நினைவூட்ட வேண்டியதில்லை. சில நாள் அந்த விளக்கப் புத்தகங்களில் ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படிப்பதுண்டு. அவர் கீழேயிருந்து “ம்” என்றால்தான் அடுத்த வரிக்குப் போவது எங்கள் வழக்கம். இப்போது முதல் வரியோடு நின்றுவிடுகிறேன்.

14. இத்தனை நாள் பொறுத்த நான் இப்போது அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. துறைமுக வாயிலைத் தூர்வாரும் பணி அடுத்த வாரம் தொடங்குகிறது என்றும், அள்ளும் மண் முழுவதும் வெளிப்பள்ளத்தில் கொட்டப்படும் என்றும் தங்கள் அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். துறைமுகத்துக்கு ஆழம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மண் விழுந்த பிறகு, எவ்வளவு நல்ல காது வைத்தாலும் அடியில் இருப்பது கேட்காது. யாரும் முறைப்படி தேடாத ஓர் இடத்தை, யாராலும் எப்போதும் தேட முடியாத இடமாக ஆக்கிவிடுவார்கள். அதன் பிறகு நான் தங்களுக்கு மனு எழுத அவசியம் இராது.

15. ஆகவே கீழ்க்கண்டவற்றை ஆணையிடுமாறு வேண்டுகிறேன்:

(அ) ஆய்வுப் படகைக் கரையேற்றி, மூன்று காதுகளின் முகத்திலும் உள்ள பெயிண்டை நனைத்த உப்புத்தாளால் மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். தகடு வைத்துச் சுரண்டக் கூடாது. தின்னர் ஊற்றக் கூடாது. இரண்டும் முகத்தைக் கெடுத்துவிடும். “ஞாயித்துக்கெழமைன்னாலும் நானே வந்து தேச்சுத் தர்றேம்மா” என்று அந்தப் பெயிண்டர் சொல்லியிருக்கிறார். அவரையே அமர்த்தலாம்.

(ஆ) தேடப் புறப்படும் முன், படகுத்துறை ஓரத்தில் கயிற்றில் எடை கட்டி இறக்கி ஆழம் பார்த்து, திரையும் அதையே சொல்கிறதா என்று ஒப்பிட வேண்டும். என் கணவர் செய்து தருவதாக இருந்து, செய்ய முடியாமற்போன சோதனை இதுதான்.

(இ) வெளிப்பள்ளத்தை மெதுவாகத் தேட வேண்டும். வேகமாக ஓடினால் நுரை மறைக்கும். அந்த நேரத்தில் திரைக்கு முன்னால் நானும் இருக்க அனுமதிக்க வேண்டும். படியேற ஒருவர் கை கொடுத்தால் போதும். மற்றபடி யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டேன். என் பொறுப்பில் வருவதாக எழுதித் தருகிறேன்.

(ஈ) இவை முடியும்வரை, ஒரு கூடை மண்கூட அங்கே விழக் கூடாது.

16. இவ்வளவும் செய்த பிறகு “இல்லை” என்று சொன்னால், ஏற்றுக்கொள்வேன். அன்றைக்கே வந்து, எழுத்தர் காட்டும் இடத்தில், படிக்கக்கூடிய எழுத்தில் கையொப்பமிடுவேன். இருக்கிறார் என்று தெரிந்தால், அவரை மேலே கொண்டுவர இயலுமா என்பதைத் தாங்களே தீர்மானியுங்கள். ஆழம் அதிகம், அங்கே இறங்குபவர்களுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள். நான் வற்புறுத்த மாட்டேன். எந்த இடம் என்பதை மட்டும் குறித்துக் கொடுங்கள்.

அந்தப் படிவத்தில் ‘இறந்த இடம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. “கடல்னு போட்டா போதும்மா” என்கிறார் எழுத்தர். ஐயா, மணமான நாள் முதல், எந்த நேரத்தில் யார் வந்து கேட்டாலும், அவர் எந்தப் படகுக்கு அடியில், எந்தப் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்று என்னால் சொல்ல முடிந்திருக்கிறது. இப்போது மட்டும் கடல் என்று எழுதச் சொன்னால் எப்படி எழுதுவேன்? கடல் ஓர் இடம் ஆகாது.

தங்கள் ஆணையை நேரில் வந்து பெற்றுக்கொள்ளக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
காதுக்காரர் மனைவி

இடம்: யார்டுக்கு எதிர்மாடி, கடல் பார்த்த அறை.
நாள்: மண் கொட்டத் தொடங்குவதற்கு முந்திய வாரம், திங்கட்கிழமை.